இராயப்பேட்டையில் எழுந்த இரு பத்திரிகைகள்

மயிலாப்பூர் லஸ் முனையிலிருந்து இராயப்பேட்டை நெடுஞ்சாலை வழியே வேலைக்கும் கல்லூரிக்கும் செல்லும் நம் சமுதாய இளைஞர்கள் நாள்தோறும் பலர். அவ்வழியே பேருந்தில் நின்றுகொண்டு செல்லுங்கால், இற்றைக்கு நூறாண்டுகட்கு முன்னர் இச்சுற்றுப்புறத்தில் நம்மவர் பத்திரிகை நடத்தினர் என்னும் செய்தி அவர்களுள் எத்துணைப் பேருக்குத் தெரியும்? தெரியாமற் போனதற்கு அவர்களைக் குறைகூறுதல் முறையன்று. கற்பிக்க வேண்டிய நாமே கற்பிக்கவில்லை. வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று சங்கப் பொறுப்பாளர்கள் கேட்டபோது, இக்கடனைத் தீர்க்க ஒரு வாய்ப்புக் கிட்டியதென்றே எண்ணினோம்.

கட்டுரைக்குத் தூண்டுகோலாயிருந்தது ஒரு வகுப்பறை நிகழ்ச்சி. சில ஆண்டுகட்கு முன் ஒன்பதாம் வகுப்பில் விடுதலைப் போராட்டப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். மணியாச்சி இரயில் நிலையத்தில் 1911 சூன் 17-ஆம் நாள் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ், வாஞ்சிநாதனால் சுடப்பட்டு மாண்டார் என்றும், வாஞ்சிநாதனும் தம்மையே சுட்டுக்கொண்டு உயிர்நீத்தார் என்றும், அவர் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்ததென்றும் சொல்லிக்கொண்டு வந்தோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டாள். இருபத்தைந்து ஆண்டுகளாக அப்பாடத்தை நடத்தி வந்த நமக்கு அக்கடிதத்தை முழுமையாகப் படித்த நினைவில்லை. மறுநாள் சொல்வதாகக் கூறி மணியடித்ததும் வெளியேறினோம். அன்று மாலை தேடத் தொடங்கியதுதான் இராயப்பேட்டைக்கு நம்மைக் கொண்டுவந்து விட்டது.

கடிதத்தைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம். முதலில் மனிதர்களைப் பற்றி.

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தையடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசனார். கோயமுத்தூரில் கல்வி கற்று, நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றிப் பின் சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபர் திங்களில், நான்கு பக்கம் கொண்ட ஒரு மாத இதழை இரண்டணா விலையில் வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் 'பறையன்' என்பது. எப்பெயரைச் சொல்லி ஊரார் இழிவுசெய்தனரோ அப்பெயரையே தலைப்பில் பொறித்துத் தெருவில் விற்கச் செய்தார். முதலிதழ் இரண்டே நாளில் நானூறு படிகள் விற்றதாகத் தம் சீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவர் எழுதியுள்ளார். மூன்று திங்களில் அது வார இதழாயிற்று. அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியது 1920-இல் என்பதை இளைஞர்கள் இங்கே ஒப்புநோக்கிக் கொள்ளலாம்.

அவ்வாண்டில் எழுந்த பெரும் வழக்கு, இந்திய ஆட்சிப் பணித் தேர்வைப் பற்றியது. இலண்டனில் மட்டும் நடந்த அத்தேர்வை இந்தியாவிலும் ஒருங்கே நடத்த வேண்டுமென்பது காங்கிரசின் கோரிக்கை. அதனை ஏற்கும் தீர்மானம் 1893-இல் ஆங்கிலேய நாடாளுமன்றத்தின் கீழவையில் நிறைவேறியது. மேலோட்டமாக நோக்கின் நியாயமான கோரிக்கையே. ஆயினும், பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதிக்கவும் நம் பிள்ளைகள் அனுமதிக்கப்படாத அக்காலத்தில், அப்பதவிகள் எவர் கைக்குப் போய்ச் சேரும்? கிராமத்தில் கிணற்றைத் தடுப்பவனே ஆட்சியராகவும் வந்தமர்ந்தால் மனுவை எவரிடம் கொடுப்பது? 'பறையன்' இதழ் இக்கேள்வியை எழுப்பிற்று. 1893 திசம்பர் 23-இல் வெஸ்லியன் மிஷன் கல்லூரி மண்டபத்தில் கூட்டம் கூடிற்று. 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள எதிர்ப்பு மனு ஒன்று உருவாகி, தளபதி செஸ்னி என்னும் உறுப்பினர் வழியே நாடாளுமன்றத்துக்குச் சென்றது. எழுத்தறிவு மிகச் சிலர்க்கே வாய்த்திருந்த மக்களிடையே மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஒப்பங்களைத் திரட்டுவதென்பது, பத்திரிகை அச்சடிப்பதினும் கடினமான பணி. சேரி சேரியாக நடந்தாலன்றி அது கைகூடியிராது.

இதைச் செய்ததற்காக இவர்களை 'வெள்ளையனின் அடிவருடிகள்' என்று ஏசியவர் அன்றும் உண்டு; இன்றும் உண்டு. இவ்விடத்தில் கடல் கடந்து ஒருமுறை பார்த்துவிட்டு வருவது பயன்தரும்.

அதே காலத்தில் அமெரிக்க நாட்டின் மெம்பிஸ் நகரில் அய்டா வெல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி 'ஃப்ரீ ஸ்பீச்' என்ற பத்திரிகையை நடத்தி வந்தார். 1862-இல் அடிமைத்தளையிற் பிறந்தவர். நம்மைப்போல் பள்ளி ஆசிரியராயிருந்தவர். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளுடைய அவலநிலையைத் தம் பத்திரிகையில் எழுதியதால் ஆசிரியப் பணியை இழந்தவர். 1892 மார்ச்சில் அவருடைய நண்பர்கள் மூவர், வெள்ளையர் கடைக்குப் போட்டியாக மளிகைக்கடை நடத்தியதால் மூண்ட பகையில், சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். இப்படிக் கொல்லப்படுவோர் யாவரும் பெண்களை மானபங்கம் செய்த குற்றவாளிகள் என்று வெள்ளையர் ஏடுகள் எழுதி வந்தன. அது பொய் என்று அய்டா வெல்ஸ் எழுதினார். அவர் வெளியூர் சென்றிருந்த வேளையில், மே திங்களில், வெறிக்கும்பல் ஒன்று அலுவலகத்தை அடித்து நொறுக்கியது. திரும்பி வந்தால் உயிரில்லை என்று அச்சுறுத்தினர். அவர் நியூயார்க்கிலிருந்து எழுதினார். கொலைகளின் எண்ணிக்கையை வெள்ளையர் நடத்திய ஏடுகளிலிருந்தே எடுத்துத் தொகுத்து 1895-இல் நூலாக்கினார். எதிரி மறுக்கவியலாத சான்று எதிரியின் ஏட்டிலேயே இருக்கக் கண்டார். மெம்பிஸ் நகரக் கறுப்பின மக்களோ டிராம் வண்டிகளில் ஏற மறுத்தனர். ஆயிரக்கணக்கானோர் அந்நகரையே விட்டு மேற்கே குடிபெயர்ந்தனர். உழைப்பவன் போய்விட்டால் ஊர் என்னாகும் என்பதை நகரம் உணர்ந்தது.

அய்டா வெல்ஸ் 1893-இலும் 1894-இலும் இங்கிலாந்து சென்று முறையிட்டார். சொந்த நாட்டைப் பிறநாட்டாரிடம் காட்டிக்கொடுக்கிறாள் என்று அவரையும் தூற்றினர். உள்ளூர் நடுவன் எதிரியின் உறவினனாயிருக்கும்போது தாழ்த்தப்பட்டவன் வெளியூர் நடுவனைத் தேடுகிறான். மெம்பிசும் இராயப்பேட்டையும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே வழியைத் தேர்ந்துகொண்டதன் காரணம் இதுவே என்று கருதுகிறோம்.

இரட்டைமலையார் 1900-இல் நாட்டைவிட்டுச் சென்றதோடு 'பறையன்' நின்றது. ஏழாண்டுக் காலம் அது நடந்தது. இடையே, வெளியான கடிதம் ஒன்றுக்காக வழக்கும் நூறு ரூபாய் அபராதமும் வந்ததுண்டு. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து, திரும்பிவந்து சட்டமன்ற உறுப்பினராகி, பொதுத்தெருவிலும் பொதுக்கிணற்றிலும் எவரும் நடக்கவும் நீரெடுக்கவும் உரிமையுண்டு என்னும் தீர்மானத்தை 1924-இல் கொண்டுவந்து நிறைவேற்றியவர் அவரே. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

இனி இரண்டாம் பத்திரிகை. அதனை நடத்தியவர் இரட்டைமலையாரின் தமக்கையோ தங்கையோ யாரேனும் ஒருவரை மணந்த உறவினர் மட்டுமல்லர். கொள்கையில் அவரோடு மாறுபட்டவருமாவார். அவரே அயோத்திதாசப் பண்டிதர். 1845 மே 20-இல் ஆயிரம் விளக்குப் பகுதியில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி கற்பித்த அயோத்திதாசக் கவிராயரின் பெயரையே தம் பெயராகச் சூடிக்கொண்டார். ஆசிரியன் ஒருவனுக்கு இதனினும் பெரிய காணிக்கை உண்டோ! சித்த மருத்துவம் அவர் தொழில். 'பறையன்' என்பது பகைவர் சூட்டிய பெயராதலால் அதனை நாம் ஏற்றல் தகாது, நாம் சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்பது அவர் கொள்கை. அப்பெயரையே கொடியாக உயர்த்தியவர் மைத்துனர். இருவரும் இதில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஒரே வீட்டாருக்குள் இருந்த இம்மாறுபாட்டை மறைக்க வேண்டுவதில்லை. இன்றும் நம் சங்கக் கூட்டங்களில் பெயரைப் பற்றிய சண்டை எழாத ஆண்டு எது?

1892-இல் விக்டோரியா மண்டபத்தில் கூடிய சென்னை மகாசன சபைக் கூட்டத்தில், சிவன், விஷ்ணு ஆலயங்களில் எம்மவரை ஏன் விடுவதில்லை என்று பண்டிதர் வினவினார். அத்தெய்வங்கள் உங்களுக்குரியவையல்ல, உங்கட்கென்று மதுரைவீரனும் கருப்பண்ணனும் இருக்கிறார்களே என்று ஒரு சாஸ்திரியார் விடையளித்தார். அங்ஙனமாயின் உம் தெய்வங்கள் எமக்கு வேண்டா. பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும், வெற்றாய்க் கிடக்கும் நிலமும் கொடுங்கள் என்று பண்டிதர் கேட்டார். கோயிலை விட்டுப் பள்ளிக்கூடத்தைக் கேட்ட அந்த நொடியில்தான் நம்மைப் போன்ற கல்விச் சங்கங்களுக்கு வித்திடப்பட்டதென்று சொன்னால் மிகையாகாது.

அடையாற்றுக்கும் இதில் தொடர்புண்டு. பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாற்றையடுத்த ஊரூரில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1898-இல் அவருடைய துணையுடன் பண்டிதர் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். திரும்பிவந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஆல்காட் 1907-இல் மறைந்தார். அவருக்குப் பின் அதே சபைக்குத் தலைமையேற்ற அன்னி பெசன்ட் அம்மையார், 1909-இல் 'இந்தியன் ரெவ்யூ' இதழில் எழுதிய கட்டுரையில், நம் பிள்ளைகளின் உடலே தூய்மையற்றது, தூய உணவாலும் பழக்கத்தாலும் பல தலைமுறை கழிந்த பின்னரே அவர்கள் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரத் தகுதி பெறுவர் என்னும் கருத்தை வெளியிட்டார். அம்பேத்கர் தம் 1945-ஆம் ஆண்டு நூலில் இதனை எடுத்துக்காட்டியிருக்கிறார். ஒரே தோட்டத்திலிருந்து பள்ளியும் வந்தது. அப்பள்ளியின் பிள்ளைகளைப் பற்றி இவ்வெழுத்தும் வந்தது. சுயாட்சிக்காகப் பேசிய பெருமக்களின் உள்ளத்திலும் இது குடிகொண்டிருந்ததென்றால், தீவிரக் கட்சியாரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

1907 மே மாதத்தில் வங்காளத்து விபின் சந்திர பாலர் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணிக் கடற்கரையில் சுதேசியச் சொற்பொழிவுகள் ஆற்றினார். நகரமே அதிர்ந்தது. அடுத்த மாதம், சூன் 19-ஆம் நாள், புதன்கிழமையன்று, இராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்க வார இதழ் ஒன்று வந்தது. பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையும் அதுவே. ரூபாய்க்கு அறுபத்து நான்கு பைசா வழங்கிய காலம் அது. 'பறையன்' ஒன்றின் விலைக்குத் 'தமிழன்' எட்டு வாங்கலாம். கூலிவேலை செய்வோனும் வாங்கத்தக்க விலை. ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் வழக்கமும் அன்று உண்டு. ஓராண்டுக்குப் பின் 1908 ஆகஸ்டில் பெயர் 'தமிழன்' என்று மட்டும் ஆயிற்று.

பண்டிதர் சுதேசியம் என்ற சொல்லையே கையிலெடுத்து உரசிப் பார்த்தார். சுதேசத்தார் என்போர் யார்? குளத்தில் நாயும் மாடும் இறங்க விட்டு மனிதனைத் தடுப்போர்க்கு அம்மனிதனைச் 'சுதேச சகோதரன்' என்றழைக்க வாய் எங்ஙனம் எழுந்தது? சாதி ஒழியாமல் வரும் ஆட்சி சாதியின் ஆட்சியாகவே இருக்கும் அல்லவா? இவையே வாரந்தோறும் பல வடிவங்களில் அவர் எழுப்பிய வினாக்கள். ஊர்களில் நம்மவர்க்கு நேர்ந்த கொடுமைகளும் கடிதங்களாய் வந்து அவ்விதழில் ஏறின. பெரிய ஏடுகளுக்குச் செய்தியாகப் படாதவை இங்கே செய்தியாயின.

அன்றைய தீவிரக் கட்சியார் எல்லோரையும் ஒரே தட்டில் நிறுத்துவது நேர்மையாகாது. வ. உ. சிதம்பரனார் சிறையில் செக்கிழுத்ததை எவரும் சிறுமைப்படுத்த இயலாது. தூத்துக்குடி ஆலைத் தொழிலாளர் பக்கம் அவர் நின்றதையும் மறத்தலாகாது. 'வலதுசாரி' என்னும் சொல் பிரெஞ்சுப் புரட்சிக்கால மன்றத்தில் மன்னர் பக்கத்தார் வலப்புறம் அமர்ந்ததால் வந்தது. அன்று நம் நாட்டில் வழங்கியதன்று. ஆயினும் அந்நியனை வெறுப்பதையும், பழைய வருண ஒழுங்கை மீட்பதையும், அதற்காகக் கொலை செய்வதையும் ஒரே அறமாகக் கருதிய ஒரு போக்கு விடுதலை வேட்கையின் ஊடே ஓடிற்று. இன்றைய சொல்லை அதற்கு இடுவது பிழையாகாது.

இப்போது கடிதத்துக்கு வருவோம். நாம் தேடிப் படித்த அக்கடிதம், மிலேச்சராகிய ஆங்கிலேயர் சனாதன தருமத்தை அழிக்கின்றனர் என்று குறைகூறுகிறது. பசு இறைச்சி உண்ணும் ஒருவருக்கு முடிசூட்டுவதோ என்று வெகுள்கிறது. ஐந்தாம் சார்சு மன்னரைக் குறிக்க அதில் ஆளப்பட்டுள்ள சொல் 'பஞ்சமன்'. ஐந்தாமவன் என்பது அதன் பொருள். அரசாங்க ஏடுகளில் நம் மக்களைக் குறித்த சொல்லும் அதுவே. அதனைப் படித்தபோது சிறிது நேரம் தாளைக் கீழே வைத்துவிட்டோம்.

'தமிழன்' அக்கொலையைக் கண்டித்து எழுதிற்று. நாடெங்கும் வீரம் என்று மறைவில் மெச்சப்பட்ட செயலை, அக்கடிதம் காக்கக் கருதிய தருமத்தால் மிதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று பார்த்த பத்திரிகை அது.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியுள்ளது. பேறுகால வேதனையிலிருந்த நம் குலப்பெண் ஒருத்தியை ஆஷ் துரை தம் வண்டியில் ஏற்றி அக்கிரகார வழியே கொண்டு சென்றதாலேயே கொல்லப்பட்டார் என்று நம் மேடைகளில் அடிக்கடி பேசப்படுகிறது. கேட்க உருக்கமாயிருக்கிறது, நாமும் ஒரு காலத்தில் பேசியதுண்டு. அக்காலச் சான்று எதுவும் அதற்கு நாம் காணவில்லை. ஆஷ், சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியதில் பங்குகொண்ட அதிகாரி. அவரை அருளாளராக்க வேண்டிய தேவை நமக்கில்லை. கடிதம் இருக்கிறது. அது போதும். அய்டா வெல்ஸ் எதிரியின் ஏட்டிலிருந்தே சான்றெடுத்ததை நினைவிற்கொள்க.

அவ்வாறே பண்டிதரையும் குறையற்றவராகக் காட்டுதல் தகாது. அவருடைய சொல்லாராய்ச்சிகள் பலவற்றை இன்றைய மொழிநூலார் ஏற்பதில்லை. அதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. நம்மவர் தாழ்த்தப்பட்டோர், ஆனால் சக்கிலியர், குறவர் முதலானோர் இயல்பிலேயே தாழ்ந்தோர் என்று அவர் வேறுபடுத்தி எழுதினார். சாதியை அத்துணைக் கூர்மையாகக் கண்ட கண்ணிலும் இவ்வொரு புரை இருந்தது. நம் சங்கத்தின் மாணவர் விடுதியில் அருந்ததியர் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உண்ண வேண்டுமென்று முதலாண்டிலேயே விதி செய்தபோது சில பெரியவர்கள் முகஞ்சுளித்ததை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

'தமிழனை' வாழவைத்தவர் யார்? செல்வர் அல்லர். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள், பெங்களூர், ஊப்ளி, இரங்கூன் முதலிய இடங்களில் பிழைக்கச் சென்ற நம்மவர்கள். அவ்விடங்களில் எல்லாம் சங்கத்தின் கிளைகள் இருந்தன. பண்டிதர் 1914 மே 5-இல் மறைந்தார். சிறிது காலத்தில் பத்திரிகையும் ஓய்ந்தது. ஆனால் 1926-இல் ஜி. அப்பாத்துரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. பூமிக்கடியில் பொன்வெட்டிய கைகள் அதனைத் தூக்கி நிறுத்தின.

அத்தங்கவயல் உள்ள கருநாடக மாநிலத்தின் தலைநகரில், 2017 செப்டம்பர் 5-ஆம் நாள் இரவு, கன்னட வார இதழாசிரியர் கௌரி லங்கேஷ் அம்மையார் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். விளம்பரம் வாங்காமல் வாசகர் தரும் விலையிலேயே இதழ் நடத்தியவர். மதவெறியையும் சாதி ஆதிக்கத்தையும் எதிர்த்து எழுதியவர். தீவிர மதவாதக் கும்பல் ஒன்றைச் சார்ந்தோர் என்று சிறப்புப் புலனாய்வுக் குழு பலர்மீது குற்றப்பத்திரிகை அளித்தது. 2022-இல் சாட்சி விசாரணை தொடங்கிற்று. 'நானும் கௌரி' என்ற அட்டையேந்திப் பெங்களூரில் மக்கள் திரண்டனர்; தலித் அமைப்பினரும் அதில் இருந்தனர். அன்று ஆசிரியர் நாள். மாணவர் தந்த மலர்கள் வாடாதிருக்கையிலேயே செய்தி கேட்டோம்.

இன்று அடையாற்றுச் சாலையில், கிண்டி காந்தி மண்டப வளாகத்தில், இரட்டைமலையாருக்கும் பண்டிதருக்கும் நினைவு மண்டபங்கள் உள்ளன. பண்டிதருடையது 2023 திசம்பரில் திறக்கப்பட்டது. மகிழ்ச்சியே. எனினும் 'பறையன்' இதழின் ஏழாண்டுத் தொகுதி எந்த நூலகத்தின் அடுக்கிலும் நம் கண்ணிற்படவில்லை. 'தமிழன்' இதழ்களை ஞான. அலாய்சியஸ் அவர்கள் தேடித் தொகுத்தமையால், 1999 முதல் பாளையங்கோட்டையிலிருந்து அவை நூல்களாக வெளிவந்தன. பழைய இதழ்களைக் கட்டிப் பாதுகாத்து வைத்திருந்த குடும்பங்கள் இல்லையேல் அதுவும் நடந்திராது.

அம்மாணவிக்கு மறுநாள் கடிதத்தைப் படித்துக் காட்டினோம். வகுப்பு அமைதியாயிருந்தது. பின்னர் அவள் கேட்ட அடுத்த கேள்வி: "அப்போது நம் ஆட்கள் என்ன எழுதினார்கள், ஐயா?" அதற்கு விடையாகவே இக்கட்டுரை எழுதப்பட்டது. அவள் இப்போது கல்லூரியில் வரலாறு பயில்கிறாள்.

உறுப்பினர் இல்லங்களில், குறிப்பாகத் தங்கவயலிலும் பர்மாவிலும் முன்னோர் வேலைபார்த்த குடும்பங்களில், பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருக்கும் தாளாயினும், பாதி கிழிந்ததாயினும், இவ்விரு பத்திரிகைகளின் ஏடு ஏதேனும் இருந்தால் சங்க நூலகப் பொறுப்பாளரிடம் காட்டுக. படியெடுத்துக்கொண்டு மூலத்தை அன்றே திருப்பித் தருவோம்.